பிள்ளைக்குப் பிடித்த பண்டம்

சென்ற ஆண்டு மரித்தோர் திருநாளுக்கு முந்தின சாயங்காலம் ஒரு தாய் என்னிடம் வந்து கேட்டாள்: "சாமி, என் மகன் போய் நாலு வருஷம் ஆகுது. அவனுக்குச் சிமிலின்னா உயிர். வருஷா வருஷம் அந்த நாளில் செய்து அவன் படத்துக்கு முன்னே வைக்கிறேன். அது பாவம்னு வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க. பாவந்தானா, சாமி?"

"படையல் நமக்கு ஆகாது அம்மா" என்று சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் மறுபேச்சின்றிப் போய்விட்டாள். ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை.

சிமிலி நம் வட ஆற்காட்டு வீடுகளுக்குப் புதிதல்ல. கேழ்வரகு மாவை உப்பும் தண்ணீரும் விட்டுப் பிசைந்து, அடையாகத் தட்டிச் சுட்டு, பிய்த்துப் போட்டு, வறுத்த வேர்க்கடலையும் வெல்லமும் சேர்த்து உரலில் இடித்து உருண்டை பிடிப்பார்கள். அந்தத் தாய் ஷூ கம்பெனியில் வேலை முடித்து வந்து, உட்கார்ந்து இடிப்பாளாம். மகனுக்காக வெல்லம் ஒரு பிடி அதிகம். பிள்ளை போய்விட்டான், அந்தக் கை மட்டும் இன்னும் கணக்கை மறக்கவில்லை. இதைப் பாவமென்று எப்படிச் சொல்வது?

உணவை ஞாபகச் சின்னமாக வைப்பது நமது வேதத்துக்கு அந்நியமல்ல. வனாந்தரத்தில் பொழிந்த மன்னாவில் ஒரு கோமோர் அளவைப் பாத்திரத்தில் வைத்துப் பின்வரும் தலைமுறைகளுக்காகக் காப்பாற்றும்படி சர்வேசுரனே மோயீசனுக்குக் கட்டளையிட்டார். நமது ஆண்டவரோ தமது ஞாபகத்தைக் கல்வெட்டில் விட்டுப் போகவில்லை. ஒரு பந்தியில் விட்டுப் போனார்.

ஆனாலும் பெரியவர்கள் சொன்னதிலும் நியாயமுண்டு. கல்லறைமேல் வைக்கிற உணவு மரித்தவனுக்குப் பயன்படாது என்று சீராக் ஆகமம் போதிக்கிறது. அர்ச். மோனிக்கம்மாளின் சரித்திரத்தைப் பாருங்கள். அவள் ஆப்பிரிக்க வழக்கப்படி கூழும் அப்பமும் திராட்சரசமும் எடுத்துக்கொண்டு மிலான் நகரில் வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குப் போனாள். ஆயர் அர்ச். அம்புரோசியார் அதைத் தடைசெய்திருப்பதாக வாயிற்காவலன் மறித்தான். அவ்வழக்கம் குடிவெறிக்கு இடமாயிற்று. அஞ்ஞானிகளின் பிதிர்ச்சடங்கையும் ஒத்திருந்தது. மோனிக்கம்மாள் முணுமுணுக்காமல் கீழ்ப்படிந்தாள். அதுமுதல் கூடைக்குப் பதிலாக ஜெபம் நிறைந்த இருதயத்தைக் கல்லறைக்குக் கொண்டுபோனாள். தன்னால் இயன்றதை ஏழைகளுக்குக் கொடுத்தாள். அவள் மகன் அர்ச். அகுஸ்தினார் தம் சுயசரிதையின் 6-ஆம் புத்தகத்தில் இதைச் சொல்லுகிறார். கவனியுங்கள்: உணவு நின்றுபோகவில்லை, அது போய்ச்சேர்ந்த இடமே மாறியது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், பள்ளி மதிய உணவு சமைத்த இடத்தில் எழுந்த தீ கூரையில் பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். ஆண்டுதோறும் அந்த நாளில் பெற்றோர்கள் பிள்ளைகளின் படங்களுக்கு மாலையிட்டு, அவர்கள் விரும்பித் தின்ற பண்டங்களை முன்னே வைத்து அழுவதைப் பத்திரிகைகளில் கண்டிருக்கிறோம். அடுப்பு நெருப்பே பிள்ளைகளைக் கொண்டுபோயிருக்க, அந்தத் தாய்மார் மறுபடியும் அடுப்பை மூட்டிப் பண்டம் செய்தார்களே! மெக்சிக்கோ தேசத்துக் கத்தோலிக்கர் நவம்பர் 1-ஐ மரித்த குழந்தைகளுக்கென்று ஒதுக்கி, இனிப்புகள் வைத்து நினைவுகூருகிறார்கள். எத்தேசத்திலும் தாயின் கைக்குத் தெரிந்த பாஷை ஒன்றுதான்.

இங்கேதான் உண்மையான துயரம் இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்று, புத்திவிவரம் அறியுமுன் இறந்த பிள்ளை நேரே மோட்சம் சேருகிறது. ஆகையால்தான் முற்காலத்தில் பெரியவர்களைக் கறுப்பு உடையணிந்து அடக்கம் செய்த குருவானவர், இப்படிப்பட்ட பிள்ளையை வெள்ளை உடையணிந்து அடக்கம் செய்தார். ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களைப் பற்றியும் நம்பிக்கையோடிருக்கக் காரணமுண்டென்று உரோமையின் சர்வதேச இறையியல் குழு 2007-இல் விளக்கிற்று. அந்த ஆறு வயதுப் பையனுக்கு நம் ஜெபமும் தேவையில்லை, சிமிலியும் தேவையில்லை. ஒன்றுமே தேவையில்லாத பிள்ளைக்குத் தாய் என்னதான் கொடுப்பாள்? கொடுத்துப் பழகிய கை எங்கே போகும்?

சில நாள் கழித்து அவளைக் கூப்பிட்டு, முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். "அந்த உருண்டைகளை அப்புறம் என்ன செய்கிறீர்கள் அம்மா?"

"மறுநாள் வரைக்கும் யாரும் தொடக்கூடாது, சாமி. அப்புறம் காக்காய்க்குப் போட்டுடுவேன்."

"சின்னவள் கேட்கமாட்டாளா?"

அவள் தலைகுனிந்தாள். "போன வருஷம் ஒண்ணு எடுத்தா. அடிச்சுட்டேன், சாமி."

பாவம் இருந்தது சிமிலியில் அல்ல, அந்த அடியில். மரித்த பிள்ளையின்மேல் வைத்த பாசம் உயிரோடிருக்கிற பிள்ளையின் வாயை அடைத்துவிட்டது. செபக்கூடத் தலைவன் ஜாயிரின் மகளை உயிர்ப்பித்தபோது சேசுநாதர் சுவாமி, அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். எல்லாரும் பிரமித்து நிற்க, பெண்ணின் பசியை நினைத்தவர் அவர் ஒருவரே. "செய்யுங்கள் அம்மா, ஒரு பிடி வெல்லமும் குறைக்க வேண்டாம். முதல் உருண்டையைச் சின்னவள் கையில் கொடுங்கள்" என்றேன். நான் முதலில் அவசரப்பட்டுச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

இவ்வருஷம் அந்த நாளில் காலைப்பூசைக்குப் பிற்பாடு சின்னவளே ஒரு தூக்கில் சிமிலி கொண்டுவந்தாள். தெருப்பிள்ளைகளுக்கும் கொடுத்தார்களாம். அண்ணன் இப்படித்தான் தின்பான் என்று அவள் சொன்னாள். அண்ணன் இறந்தபோது அவளுக்கு இரண்டு வயது. அவனை அவள் அறிந்தது அந்த இனிப்பினால்தான்.

பிள்ளையை இழந்த பெற்றோரே! பிள்ளைக்குப் பிடித்ததைச் செய்யுங்கள். பெயரைச் சொல்லிப் பரிமாறுங்கள். படத்துக்கு முன் மெழுகுவர்த்தி ஏற்றி ஜெபியுங்கள். பண்டத்தையோ பசித்த வாய்க்குக் கொடுங்கள். சின்னஞ்சிறியவருக்குக் கொடுப்பதெல்லாம் தமக்கே கொடுத்ததென்று ஏற்றுக்கொள்ளுகிற ஆண்டவரிடத்தில்தான் உங்கள் பிள்ளையும் இருக்கிறது.