எதை எதிர்நோக்கி இருக்கிறோம்?

சத்சங்கம் முடிந்து அன்பர்கள் கலைந்துகொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர் சற்றுத் தயக்கத்துடன் வந்து அமர்ந்தார். பல ஆண்டுகளாக வகுப்புகளுக்கு வருபவர். நாள் தவறாமல் ஜபம் செய்பவர். அலுவலக நண்பர்கள் நால்வருடன் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகருக்கு ஒரு வாரச் சுற்றுலா செல்லத் திட்டமிட்டிருப்பதாகக் கூறினார். புறப்பட இன்னும் ஐந்து மாதங்கள் இருந்தன. தங்கும் விடுதி, விமானச் சீட்டு, எந்த நாளில் எந்தக் காட்சி என்பவை எல்லாம் ஒரு தாளில் அழகாக எழுதப்பட்டுவிட்டன. சூதாட்ட மேசையில் இழப்பதற்கென்றே ஒரு தொகையும் அதில் ஒதுக்கப்பட்டிருந்தது.

"சுவாமிஜி, கடன் வாங்கவில்லை, வீட்டில் எதையும் மறைக்கவில்லை, ஒதுக்கிய தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் தொடமாட்டேன். இதில் தவறு உண்டா?" என்று கேட்டார். சிறிது மௌனத்துக்குப் பிறகு அவரே தொடர்ந்தார்: "உண்மையில் என்னை வருத்துவது வேறு. நான் இன்னும் புறப்படவே இல்லை. ஆனால் ஜபமாலையைக் கையில் எடுத்தால் மனம் அங்கே போய் நின்றுவிடுகிறது. எத்தனை முறை உருட்டினேன் என்ற எண்ணிக்கையே தவறிவிடுகிறது."

"இதைப் போன்ற ஆவலை இதற்கு முன் எப்போதாவது உணர்ந்ததுண்டா?" என்று கேட்டேன். அவர் தம் இளமைக் காலத்தை நினைவுகூர்ந்தார். தந்தை ஆலைத் தொழிலாளி. வாரந்தோறும் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கிச் சுவாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பாராம். முடிவு வெளிவரும் நாள்வரை வீட்டில் அதே பேச்சுதான். விழுந்தால் வீடு வாங்கலாம், விழுந்தால் அக்காவின் திருமணத்தை முடிக்கலாம். "எங்கள் வீட்டில் மகிழ்ச்சி நிறைந்த இரவுகள் அவைதாம். அம்மா மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள மாட்டார். மளிகைக் கடைப் பாக்கிக் கணக்கு அவரிடம் இருந்தது" என்றார்.

இந்த அன்பரின் கேள்வி அவர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. மாண்டவி ஆற்றில் மிதக்கும் கோவாவின் சூதாட்டக் கப்பல்களுக்கும், மக்காவ் நகருக்கும் நம் நாட்டுக் குடும்பங்கள் விடுமுறைக்குச் சென்று வருகின்றன. ஆதலின் இதனை நிதானமாகச் சிந்திப்பது நலம்.

ஆவல் குற்றமா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வரப்போகும் இன்பத்தை எண்ணி மகிழ்வது பாவமன்று. 2010-ஆம் ஆண்டு நெதர்லாந்தில் 1,530 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று வெளியாயிற்று. விடுமுறைப் பயணம் செல்லவிருந்தவர்கள், செல்லாதவர்களைவிடப் பயணத்துக்கு முன்பே அதிக மகிழ்ச்சியுடன் இருந்தனர். திரும்பி வந்த பின்னரோ, பெரும்பாலோரிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. தீபாவளிக்கு முந்தைய இரவின் இனிமை தீபாவளி மாலையில் இருப்பதில்லை என்று நம் குழந்தைகளும் அறிவார்கள். இன்பம் பொருளில் இல்லை, மனத்தில்தான் இருக்கிறது என்று வேதாந்தம் கூறுவதற்கு இது ஓர் எளிய சான்று. பொருள் இன்னும் கைக்கு வரவே இல்லை, இன்பம் வந்துவிட்டது!

எதிர்நோக்கி இருத்தல் ஒரு பேராற்றல். சபரி அன்னை மதங்க முனிவரின் ஆசிரமத்தில் ஸ்ரீராமனின் வருகைக்காகக் காத்திருந்தாள். குருநாதர் மறைந்தார், அவள் முதுமை அடைந்தாள், காத்திருப்பு மட்டும் தளரவில்லை. அந்தக் காத்திருப்பு அவளை வெறுமனே உட்கார்த்தி வைக்கவும் இல்லை. வருகிறவருக்காகக் கனிகளைச் சேர்த்தாள், ஆசிரமத்தைப் பேணினாள். அவள் எதிர்நோக்கிய ஒன்று அவளுடைய ஒவ்வொரு நாளுக்கும் வேலை கொடுத்தது. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, ஆவல் கொள்ளலாமா என்பதன்று. நாம் கொண்டிருக்கும் ஆவல் நம்மை என்ன செய்கிறது என்பதே.

பாலைவன நகரின் வாணிகம்

லாஸ் வேகாஸ் 1905-ஆம் ஆண்டில் இருப்புப்பாதையை ஒட்டி உருவான சிற்றூர். கடும் பொருளாதார மந்தநிலை நிலவிய 1931-இல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில், கொலராடோ ஆற்றின் குறுக்கே இன்று ஹூவர் அணை என்று அழைக்கப்படும் மாபெரும் அணையின் பணியும் தொடங்கிற்று. இன்று அந்நகரின் பெரிய விடுதிகளுக்கு வரும் வருவாயில் பாதிக்கு மேல் அறை வாடகை, உணவு, கலைநிகழ்ச்சிகள் போன்றவற்றிலிருந்தே கிடைக்கிறது. எனவே அங்கே செல்பவர் அனைவரும் சூதாடிகள் என்று கருதுவது நேர்மையாகாது. எனினும் அந்த மாளிகைகளின் நடுவே அமைந்திருப்பது சூதாட்டக் கூடமே.

அங்கே நடப்பது என்ன? ரூலெட் என்னும் சுழல் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கச் சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்களும், அவற்றுடன் ஒரு பூஜ்யமும் ஓர் இரட்டைப் பூஜ்யமுமாக 38 குழிகள் உள்ளன. ஓர் எண்ணின் மீது 100 ரூபாய் வைத்து வென்றால், வைத்த பணத்துடன் 3,500 ரூபாய் கிடைக்கும். நியாயமான கணக்கின்படி 3,700 ரூபாய் கிடைக்க வேண்டும். அந்த 200 ரூபாய்தான் வித்தியாசம். பந்தயம் கட்டும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 5 ரூபாய் 26 காசு விடுதிக்குச் செல்கிறது. மணிக்கு 40 சுழற்சிகள் என்று கொண்டால், 4,000 ரூபாய் பந்தயத்தில் ஏறத்தாழ 210 ரூபாய் போய்விடும். ஒருவர் வெல்லலாம், மற்றொருவர் தோற்கலாம். கூட்டிப் பார்த்தால் கணக்கு மாறாது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. எல்லாம் வெளிப்படையாகவே நடக்கிறது.

வெளிப்படையாகத் தெரிந்தும் மனிதன் ஏன் அமர்கிறான்? குரங்குகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடையின் ஒரு பகுதியைத் தருகிறது. பருகும் பானம் நிச்சயமாகக் கிடைக்கும் என்று இருந்தபோது காணப்படாத ஒரு கிளர்ச்சி, கிடைக்குமோ கிடைக்காதோ என்று சரிபாதி ஐயம் நிலவியபோது, காத்திருக்கும் அந்தச் சில விநாடிகளில் அவற்றின் மூளை நரம்புகளில் படிப்படியாக உயர்ந்தது. சூதாட்டக் கூடம் விற்பது பணத்தை அன்று, இந்த விநாடிகளைத்தான். சபரி அன்னையை மேன்மைப்படுத்திய அதே ஆற்றலைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, அதிலிருந்து உழைப்பையும் அன்பையும் நீக்கிவிட்டு, நம்மிடமே விலைக்கு விற்கிறார்கள்.

நளன் எண்ணிய காய்கள்

மகாபாரதத்தின் வன பர்வத்தில் வரும் நளன் கதையை அனைவரும் அறிவோம். ஆனால் அதில் ஒரு நிகழ்ச்சி அதிகம் பேசப்படுவதில்லை. நாட்டை இழந்து, உருமாறி, ரிதுபர்ண மன்னனின் தேரோட்டியாக நளன் இருக்கிறான். வழியில் ஒரு தான்றி மரத்தைக் கண்ட மன்னன், அதன் இலைகளும் காய்களும் எத்தனை என்று கூறுகிறான். நளன் தேரை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான். கணக்கு சரியாக இருக்கிறது. வேத காலத்தில் சூதாட்டக் காய்களாகப் பயன்பட்டவை தான்றிக் காய்கள்தாம் என்பது குறிப்பிடத்தக்கது. மன்னன் அந்த வித்தையை, 'அட்ச ஹிருதயம்' எனப்படும் சூதின் உட்பொருளை, நளனுக்கு உபதேசிக்கிறான். அதைப் பெற்ற அக்கணத்திலேயே, நெடுநாள் அவனைப் பற்றியிருந்த கலி அவன் உடலை விட்டு வெளியேறுகிறான்.

கலி எப்போது விலகினான்? நளன் அழுதபோது அன்று. சபதம் செய்தபோதும் அன்று. எண்ணிப் பார்த்தபோதுதான். விவேகம் என்பதும் இதுவே. இருப்பதை இருக்கிறபடி எண்ணிக் காண்பவனிடம் மயக்கம் தங்குவதில்லை.

எல்லை வகுத்துக்கொண்டால்?

'இழக்கும் தொகையை முன்பே ஒதுக்கிவிட்டால், அது திரைப்படச் சீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைப் போன்றதுதானே?' என்று ஒருவர் கேட்கலாம். இது தள்ளிவிடத்தக்க வாதம் அன்று. அந்த எல்லையில் நின்றுவிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் திரைப்படம் தானே முடிந்துவிடும். பார்ப்பவரின் மன உறுதியை நம்பி அது முடிவதில்லை. சூதாட்டமோ தானாக முடிவதே இல்லை. முடிக்க வேண்டியவன் ஆடுபவன். முடிக்கும் திறனைக் கரைப்பதே அந்த ஆட்டத்தின் இயல்பு. தருமபுத்திரரின் கதையில் அஞ்சத்தக்கது அவர் முதல்முறை ஆடித் தோற்றது மட்டுமன்று. இழந்தவை அனைத்தும் திரும்பக் கிடைத்த பின்னரும், மீண்டும் அழைத்தபோது அவர் சென்று அமர்ந்தாரே, அதுதான் அஞ்சத்தக்கது. அறத்தின் வடிவமாகவே போற்றப்பட்டவருக்கு நேர்ந்தது இது.

மற்றொன்றையும் கருத வேண்டும். மான்டி கார்லோவின் புகழ்பெற்ற சூதாட்ட மாளிகையில் மொனாக்கோ நாட்டுக் குடிமக்கள் ஆடக் கூடாது. சிங்கப்பூரில் 2010-இல் சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டபோது, வெளிநாட்டவருக்கு இல்லாத நுழைவுக் கட்டணமாக நாளொன்றுக்கு 100 வெள்ளி சொந்தக் குடிமக்களுக்கு விதிக்கப்பட்டது. 2019-இல் அது 150 ஆக உயர்த்தப்பட்டது. கோவாவிலும் 2020-இல் உள்ளூர் மக்கள் காசினோக்களுக்குள் செல்வது தடுக்கப்பட்டது. தன் பிள்ளைகளுக்கு ஆகாது என்று தெரிந்த பண்டத்தை விருந்தாளிக்குப் பரிமாறுவது போன்றது இது. பரிமாறுபவரே உண்ணத் தயங்கும் உணவைப் பற்றி விருந்தாளி சற்று யோசிக்க வேண்டாமா?

கர்மயோகத்தின் தலைகீழ் வடிவம்

'வாழ்க்கையே ஒரு சூதாட்டம் அல்லவா? உழவனும் மழையை நம்பித்தானே விதைக்கிறான்?' என்றும் சிலர் கூறுவர். உழவனும் சூதாடியும் நிச்சயமின்மையின் முன் நிற்பவர்களே. ஆனால் உழவன் உழுகிறான், விதைக்கிறான், களை எடுக்கிறான். அவனது காத்திருப்பு முழுவதும் செயலால் நிறைந்திருக்கிறது. விளைச்சல் பொய்த்தாலும் அவன் கைகளில் உழைப்பின் திறன் எஞ்சுகிறது. சூதாடிக்குக் காத்திருப்பதைத் தவிரச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பலனில் பற்றின்றிச் செயல் புரிவது கர்மயோகம். செயலே இன்றிப் பலனில் மட்டும் பற்றுக்கொள்வது சூது. கர்மயோகத்தை இதைவிடத் துல்லியமாகத் தலைகீழாக்க முடியாது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் சூதாடியின் துயரைப் பாடும் சூக்தம், இறுதியில் அவனை அவனுடைய வயலுக்கும் இல்லத்துக்குமே திருப்பி அனுப்புகிறது. திருவள்ளுவரும் சூது என்னும் அதிகாரத்தை அடுத்து மருந்து என்னும் அதிகாரத்தை வைத்தார்.

அன்பருக்குக் கிடைத்த விடை

அந்த அன்பரிடம் நான் 'போகாதீர்கள்' என்று சொல்லவில்லை. விலக்கப்பட்டது இன்னும் இனிக்கும். அது மனத்தின் இயல்பு. இரண்டு செயல்களை மட்டும் செய்யச் சொன்னேன். ரிதுபர்ணனின் கணக்கைத் தம் கையாலேயே போட்டு, அந்தத் திட்டத்தாளின் அடியில் எழுதிவைக்க வேண்டும். பிறகு, தம் உழைப்பும் பங்கு கொள்ளும் வேறொன்றையும் எதிர்நோக்கத் தொடங்க வேண்டும். "இந்தத் தாளில் உங்கள் தாயாருக்காக ஒரு வரி இருக்கிறதா?" என்று கேட்டேன். மூத்த மகளின் வீட்டில் வாழும் அந்த அம்மையாருக்கு எண்பது வயது. அன்பர் பதில் சொல்லவில்லை.

அவர் பயணம் சென்று திரும்பிய பின் மீண்டும் வந்தார். ஒதுக்கிய தொகையில் பாதியைக்கூட அவர் தொடவில்லை. முதல் நாள் இரவு, பொத்தானை அழுத்தினால் உருவங்கள் சுழலும் ஸ்லாட் இயந்திரம் ஒன்றின் முன் அமர்ந்திருந்த ஒரு மூதாட்டியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். சில விநாடிகளுக்கு ஒருமுறை பொத்தானை அழுத்துவார். தோற்றபோது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. வென்று மணி ஒலித்தபோது மகிழ்ச்சியும் இல்லை. அடுத்த சுழற்சிக்கான அவசரம் மட்டுமே இருந்தது. "அந்த முகத்தில் என் தந்தையைத் தேடினேன், சுவாமிஜி. காணவில்லை. என் தந்தைக்கு ஒரு வாரம் முழுவதும் கனவு இருந்தது. அதைப் பகிர்ந்துகொள்ள நாங்கள் இருந்தோம். இவருடைய காத்திருப்போ சில விநாடிகளாகச் சுருங்கிவிட்டது. அதற்குள் வேறொரு மனிதர் நுழைய இடமே இல்லை" என்றார்.

புறப்படும்போது ஒரு புதிய தாளைக் காட்டினார். தாயாரைக் காசிக்கு அழைத்துச் செல்லும் திட்டம் அதில் இருந்தது. படி ஏற முடியாதவரைப் படித்துறையில் எவ்வாறு இறக்குவது, எந்த மருந்துகளை எடுத்துச் செல்வது, வழியில் எங்கே இளைப்பாறுவது என்றெல்லாம் தம் கையெழுத்தில் எழுதியிருந்தார். "அம்மா தினமும் தொலைபேசியில் கூப்பிட்டு, போகும்போது இதை எடுத்துக்கொள்வோம், அதை எடுத்துக்கொள்வோம் என்று சொல்கிறார்" என்றார். 'விழுந்தால்' என்னும் பேச்சில் ஒருநாளும் சேராத அந்தத் தாய், 'போகும்போது' என்னும் பேச்சில் சேர்ந்துகொண்டார்.

அன்பர்களே, நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றை எதிர்நோக்கியே வாழ்கிறோம். இன்றிரவு உறங்கும் முன் அது எது என்று எண்ணிப் பார்ப்போம். அது நம் கைகளுக்கு வேலை தருகிறதா? அதில் பிறருக்கு இடம் இருக்கிறதா? இறைவன் திருநாமத்தைச் சொல்லும்போது அது நம்முடன் அமர்கிறதா, நம்மை இழுத்துச் செல்கிறதா? இந்த மூன்றுக்கும் நேர்மையாக விடை கண்டால், எந்த ஊருக்குச் செல்வது என்பதை நம் மனமே நமக்குச் சொல்லிவிடும்.