ஈத்துக்கு யார் பொறுப்பு?

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டமோ தென்னந்தோப்போ, மோட்டார் ரூம் பக்கம் ஒரு நாய் கிடக்கும். ராத்திரி காட்டுப்பன்றி இறங்கினால் குரைக்க வேண்டும், அதற்குத்தான் சோறு. பகலில் அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அது பொட்டை நாயாக இருந்தால் வருஷத்துக்கு இரண்டு ஈத்துகூட உண்டு. கடுவன் குட்டிகளைப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சொல்லி வைத்து வாங்கிப்போவார்கள். மிஞ்சுகிற பொட்டைக் குட்டிகள் சாக்கில் ஏறி, கறிக்கடைச் சந்திலோ கல்யாண மண்டபத்துக்குப் பின்னாலோ இறங்கும். எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொள்வதால் மனசும் உறுத்தாது. தெருநாய்த் தொல்லை என்று பிறகு பேரூராட்சியில் மனுக் கொடுப்பவரும் அதே ஆளாக இருக்கலாம்.

வீட்டு நாய்க்கும் பூனைக்கும் கருத்தடை ஆபரேஷனைச் சட்டம் கட்டாயமாக்கலாமா என்ற விவாதத்தை அந்தச் சாக்கிலிருந்து தொடங்குவதே நியாயம். நகரத்தில் அது நாய்ப்பிரியர்களுக்கும் நாய்க்குப் பயந்தவர்களுக்கும் நடக்கிற சண்டையாகச் சுருங்கிவிடுகிறது. 2024-இல் தமிழ்நாட்டில் நாய்க்கடி பட்டவர்கள் சுமார் 4.8 லட்சம் என்ற நிலையில் பயத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் தெருநாய் வானத்திலிருந்து குதிக்கவில்லை. ஒரு பகுதியாவது வீட்டுத் திண்ணையிலிருந்து இறங்கிப்போனது.

2023-இல் வந்த விலங்குகள் கருத்தடை விதிகள், செல்லப்பிராணிக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் வளர்ப்பவரின் பொறுப்பு என்கின்றன. கட்டாயத்துக்கும் அறிவுரைக்கும் நடுவில் நிற்கிற வாசகம் அது. நேரடியான கட்டாயம் 2024 மார்ச்சில் வந்தது. பிட்புல், ராட்வெய்லர் உள்ளிட்ட 23 வகை நாய்களைத் தடைசெய்யச் சொன்ன மத்திய அரசின் கடிதம், ஏற்கெனவே வீட்டில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்துவிட வேண்டும் என்றது. சம்பந்தப்பட்டவர்களைக் கேட்காமல் போட்ட உத்தரவு என்று கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. வெளியுலகிலும் ஒருமித்த கருத்து இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஆறு மாதத்துக்குள் பூனைக்குக் கருத்தடை செய்தாக வேண்டும். நார்வேயிலோ தக்க காரணமில்லாமல் விலங்கின் உடம்பில் கத்தி வைப்பதே சட்டவிரோதம். அங்கே நாயைத் தெருவில் விடுகிற வழக்கம் இல்லை என்பதால் அந்தத் தாராளம் கட்டுப்படியாகிறது.

கட்டாயத்தை எதிர்ப்பவர்கள் முதலில் சொல்வது பாவம். "ஒரு ஈத்தாவது ஈனட்டும்" என்பது வீடுதோறும் கேட்கிற பேச்சு. உழவு மாட்டுக்குக் காயடித்த ஊர்தான் இது. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம்கூட முறைப்படி காயடிப்பதைக் குற்றமாக வைக்கவில்லை. மாட்டுக்கு இல்லாத பாவம் நாய்க்கு மட்டும் எப்படி வந்தது? மருத்துவமும் அந்தப் பேச்சுக்குத் துணை நிற்கவில்லை. முதல் பருவத்துக்கு முன்பே ஆபரேஷன் செய்த பொட்டை நாய்க்கு மடிக்கட்டி வருவது வெகுவாகக் குறைகிறது. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற நோயும் இல்லை.

உடல்நலம் பற்றிய இன்னொரு வாதத்தை இப்படித் தள்ளிவிட முடியாது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2013-இல் கோல்டன் ரிட்ரீவர் நாய்களையும், 2020-இல் 35 இனங்களையும் ஆராய்ந்தார்கள். சில பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்தால் மூட்டுக் கோளாறு கூடுகிறது. சிறிய இனங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே எல்லா நாய்க்கும் ஒரே வயதை எழுதிவைக்கிற சட்டம் சோம்பேறிச் சட்டம். அந்த 35-இல் கோம்பை கிடையாது.

உத்தமபாளையத்துக்கு அருகே மலையடிவாரத்தில் இருக்கிற ஊர் கோம்பை. செவலை உடம்பும் கருத்த மூஞ்சியும் கொண்ட வேட்டைநாய்க்கு அந்த ஊர்ப் பெயர்தான். 2020-இல் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றும் தேசிய அளவில் இனங்களாகப் பதிவாயின. கோம்பை அந்தப் பட்டியலில் ஏறவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் அதன் பெயரைச் சொன்னார், ஊருக்குப் பெருமை. கலப்பில்லாத கோம்பை குறைந்துவருகிறது என்று வளர்ப்பவர்கள் கவலைப்படும் நேரத்தில், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் கருத்தடை என்றால் இனமே அற்றுப்போகும். இந்த அச்சம் நியாயமானது.

ஆனால் நாட்டு இனத்துக்கு விலக்கு என்று எழுதிய மறுநாள், செவலை நிறத்தில் இருக்கிற தெருக்கலப்பு எல்லாம் கோம்பை ஆகிவிடும். கண்டபடி இணையவிட்டதாலும்தான் இனம் கலந்தது. இனத்தின் பெயரால் விலக்குக் கேட்பவர் எந்தக் கடுவன், எந்தப் பொட்டை, குட்டிகள் யார் கைக்குப் போயின என்று எழுதிக் காட்டட்டும். பொட்டைக் குட்டியும் அந்தக் கணக்கில் வர வேண்டும். அதைச் செய்ய முடியாதவருக்குப் பெருமை பேச மட்டுமே இனம் தேவைப்படுகிறது. எழுதிக் காட்டுகிறவருக்கு விலக்கும், அவிழ்த்துவிட்டு வளர்ப்பவருக்குக் கட்டாயமும் என்பதே பொருத்தமான கோடு.

அந்தக் கட்டாயத்தை விதிக்கிற தகுதி அரசுக்கு உண்டா என்பது தனிக் கேள்வி. தினக்கூலி வாங்குகிற தோட்டக் காவல்காரர் நாயை எதில் ஏற்றிக்கொண்டு போவார்? பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். ஆட்டோ வாடகைக்கு ஒருநாள் கூலி போய்விடும். ஆபரேஷன் முடிந்து புண் ஆறும்வரை கட்டிப்போட்டுப் பார்க்கவும் ஆள் வேண்டும். வீரபாண்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கிருந்து மருத்துவர்களும் மாணவர்களும் கோம்பை, தேவாரம், கூடலூர் என்று முறைவைத்து முகாம் போட்டு, இலவசமாகச் செய்து கொடுத்த பிறகு அபராதச் சீட்டை நீட்டினால் அதில் அறம் இருக்கும். முகாம் வருமுன் சீட்டு வந்தால் சாக்குமூட்டைகள்தான் கூடும். பிடிபடுவோம் என்ற பயத்தில் தாய் நாயும் சேர்ந்து இறங்கும்.

பூனை விஷயத்தில் இந்தக் கோடும் நிற்காது. மூன்று வீட்டில் பால் குடித்து நான்காவது வீட்டுப் பரணில் குட்டி போடுகிற பூனைக்கு உரிமையாளர் என்று யாரை எழுதுவது? அங்கே தனிமனிதரைக் கட்டாயப்படுத்திப் பயனில்லை. தெருநாய்க்கு நகராட்சி செலவு செய்வதுபோல் பூனைக்கும் தெருவாரியாகப் பொதுப்பணத்தில் செய்ய வேண்டியதுதான்.