வேண்டாதவர் பெயர்

கொங்கு நாட்டிலும் சேலம், தருமபுரிப் பக்கத்திலும் ஒரு வீட்டில் அடுத்தடுத்துக் கெடுதல் நடந்தால், "கொள்ளேகால் போய்ப் பாத்தீங்களா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். பங்காளிப் பகை முற்றினால், "அவங்க கொள்ளேகால் போய்ட்டு வந்துட்டாங்களாம்" என்ற பேச்சும் கிளம்பும். செய்வினை வைக்கவும் அந்த ஊர், எடுக்கவும் அந்த ஊர் என்பது எல்லைக்கு இந்தப் பக்கம் பரவிக் கிடக்கும் எண்ணம்.

மேட்டூரிலிருந்து பாலாறு தாண்டி, மாதேசுவரன் மலை ஏறி இறங்கி, ஹனூர் வழியாகப் போனால் கொள்ளேகால் வரும். 1956 நவம்பர் 1 வரை அது கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு தாலுகா. மொழிவாரி மாநிலப் பிரிப்பில் மைசூர் மாநிலத்துக்குப் போனது. 1997இல் புதிதாக அமைந்த சாமராஜநகர் மாவட்டத்தில் இன்று இருக்கிறது. பட்டுப்புழு வளர்ப்பும் பட்டு நெசவும் அந்த வட்டாரத்தின் பழைய தொழில்கள். மல்பெரி பறித்தும் தறி ஓட்டியும் கடை நடத்தியும் பிழைக்கிற மக்களுக்கு மாந்திரீகத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் ஊர்ப்பெயர் மட்டும் செய்வினையின் மறுபெயராகிவிட்டது.

வாழ்க்கை ஓரிடத்தில் முட்டி நிற்கும்போது, அதற்குக் காரணம் இன்னொருவர் வைத்த வினை என்று நம்புவது அறமாகுமா? செய்வினை பலிக்குமா, பலிக்காதா என்ற விவாதம் நெடுங்காலமாக நடந்து, அறிவியல் தன் பதிலைச் சொல்லிவிட்டது. அதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது, அந்த நம்பிக்கை நம்புகிறவரை என்ன செய்கிறது, பழி சுமக்கிறவரை என்ன செய்கிறது என்பதுதான்.

நம்புகிறவரை ஏளனம் செய்வது எளிது, நியாயமல்ல. ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களிடையே வாழ்ந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் எவன்ஸ்-பிரிச்சர்ட், 1937இல் வெளிவந்த தம் நூலில் ஒரு தானியக் குதிர் சரிந்து விழுவதைப் பற்றி எழுதினார். தூண்களைக் கரையான் அரித்துவிட்டது என்பது அம்மக்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் கேட்டது வேறு: இந்த ஆட்கள் கீழே உட்கார்ந்திருந்த இந்த நேரம் பார்த்து அது ஏன் விழ வேண்டும்? துன்பம் வந்தவர் எவரும் கேட்கிற கேள்வி இது. கரு தங்காததற்கு மருத்துவர் காரணம் சொல்லலாம். கடை நொடித்ததற்குக் கணக்குப் புத்தகம் காரணம் சொல்லலாம். 'எனக்கு ஏன், இப்போது ஏன்' என்பதற்கு இரண்டிலும் விடை இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் மாந்திரீகர் பாய் விரித்து உட்காருகிறார். அவர் காது கொடுத்துக் கேட்கிறார். துன்பத்துக்கு ஒரு பெயர் வைக்கிறார். ஒரு மண்டலம் இன்னின்னது செய் என்று கையில் ஒரு வேலையையும் கொடுக்கிறார். ஊரும் உறவும் கேட்க மறுத்த புலம்பலுக்கு அங்கே இடம் கிடைக்கிறது. அங்கே போகிறவரைப் பழிப்பதற்கு முன், அவருக்கு வேறெங்கே அந்தக் காது கிடைத்தது என்று சமூகம் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்த ஆறுதலுக்கு ஒரு விலை உண்டு. சோழி உருட்டினாலும் மை போட்டுப் பார்த்தாலும், பேச்சு ஓரிடத்துக்கு வந்து சேரும்: "உங்களுக்கு வேண்டாதவங்க யாராச்சும் இருக்காங்களா?" ஒரு கணம் தயக்கம். பிறகு ஒரு பெயர் வெளியே வருகிறது. தம்பி மனைவி, பாகம் பிரிந்துபோன பெரியப்பா மகன், பக்கத்து வீட்டு விதவை. பெரும்பாலும் அந்தப் பெயரைச் சொல்வது மாந்திரீகர் அல்ல, வந்தவரே சொல்கிறார். மாந்திரீகர் அதை உறுதிப்படுத்துகிறார், அவ்வளவுதான்.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? எந்தக் கெடுதலும் செய்யாத எத்தனையோ பேர் சுற்றியிருக்க, மனம் ஏன் அந்த ஒருவரை எடுத்துக் கொடுத்தது? தன்னை அறிய விரும்புகிறவர் தவறவிடக் கூடாத கேள்வி இது.

இங்கிலாந்தின் பழைய சூனியக்காரி வழக்குகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் கீத் தாமஸ், 1971இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு தடயம் தந்தார். பல வழக்குகளில், பழி சுமத்தியவர்தான் முதலில் தவறியவர். ஏழைக் கிழவி ஒருத்தி வாசலில் வந்து கொஞ்சம் பாலோ ரொட்டியோ கேட்டிருப்பாள், இல்லையென்று துரத்தியிருப்பார்கள். பிறகு அந்த வீட்டில் மாடு செத்தாலோ குழந்தை நோயில் விழுந்தாலோ, அவள் முணுமுணுத்துக்கொண்டே போனது நினைவுக்கு வரும். அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்ற உறுத்தல் உள்ளுக்குள் இருந்தது. அதைத் தன் குற்றமாக ஏற்பதைவிட அவளுடைய சூனியமாகப் பார்ப்பது சுலபமாக இருந்தது.

நம் வீடுகளில் வெளியே வரும் பெயர்களுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அக்காவின் பங்கை எழுதிக் கொடுக்காமல் இழுத்தடிக்கிறவருக்கு அக்கா மேலேயே சந்தேகம் வருகிறது. கைமாற்று வாங்கித் திருப்பாதவருக்குக் கொடுத்தவரின் கண் சுடுகிறது. தன் மகனைவிட நன்றாகப் படிக்கிற பிள்ளையின் தாய் மேல் இன்னொரு தாய்க்கு ஐயம் எழுகிறது. எல்லாச் சந்தேகமும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. உண்மையாகவே தீங்கு செய்யும் உறவினரும் உண்டு. ஆனால் சந்தேகப்படும் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால், நாம் கடன்பட்டவர்கள், நாம் பொறாமைப்பட்டவர்கள், நாம் புண்படுத்திவிட்டு மன்னிப்புக் கேட்காதவர்கள் அதில் கணிசமாக இருப்பார்கள். வளர்ச்சியைத் தடுக்கும் உள்முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்பதை அந்தப் பட்டியலே காட்டிக் கொடுக்கிறது. தகடு கட்டி அந்த ஆளை விலக்கும்போது, முடிச்சை அவிழ்க்கும் வழியும் சேர்ந்தே அடைபடுகிறது.

முடிச்சு வீட்டுக்குள்ளேயே இருப்பதை நேரில் கண்டவர் ஒருவர் உண்டு. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவர், கேரளத்தின் திருவல்லாவில் பிறந்த ஆபிரகாம் கோவூர் (1898–1978). பேய் கல் எறிகிறது, குட்டிச்சாத்தான் பொருளை மறைக்கிறது என்று சொல்லப்பட்ட வீடுகளுக்கு நேரில் போய் விசாரிப்பது அவர் வாழ்நாள் பணியாயிற்று. அவர் மீண்டும் மீண்டும் கண்டது ஒன்றே: கல்லை எறிந்த கை அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தது, அதற்கு உரியவர் பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாத துயரத்தில் இருந்த ஒருவர். அந்த மனிதரைக் காட்டிக் கொடுத்துத் தண்டிக்க அவர் நினைக்கவில்லை. பேசிப் பேசி மனத்தைத் தேற்றவே முயன்றார். அற்புத சக்தியை மோசடிக்கு இடமில்லாத சூழலில் நிரூபித்தால் ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் அவர் விட்ட சவால் பெரிதும் பேசப்படுகிறது. உண்மையைக் கண்டறிந்த பிறகும் உடைந்தவரிடம் அவர் காட்டிய இந்தப் பரிவு அதைவிடப் பெரியது.

பழி சுமப்பவர் பக்கம் வந்தால், கணக்கு இன்னும் கனக்கிறது. ஜார்க்கண்டைச் சேர்ந்த சுட்னி தேவி 1995இல் சூனியக்காரி என்று முத்திரை குத்தப்பட்டு, கொடுமைக்கு உள்ளாகி, ஊரைவிட்டு வெளியேறினார். பிற்காலத்தில் அப்படி முத்திரை குத்தப்பட்ட பெண்களுக்காகவே உழைத்த அவருக்கு 2021இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. எல்லோருக்கும் அந்த முடிவு வாய்ப்பதில்லை. நம் ஊர்களில் கொலைவரை போகாத பழியும் ஒருவரைத் தனிமைப்படுத்திவிடுகிறது: அவர் கொடுத்த பலகாரத்தைக் குழந்தை வாயில் வைக்கவிடாமல் பிடுங்குகிறார்கள், விசேஷத்துக்கு அழைப்பதில்லை. ஏன் என்று யாரும் அவரிடம் சொல்வதும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டதே தெரியாதவர் எப்படித் தம் பக்கத்தைச் சொல்வார்? எந்த நீதிமன்றமும் ஏற்காத விசாரணை இது. முகத்துக்கு நேரே கேட்க முடியாத குற்றத்தை முதுகுக்குப் பின்னால் நம்புவது அநீதி. நம்புகிறவர் எவ்வளவு துன்பப்பட்டிருந்தாலும் அது அநீதிதான்.

கர்நாடக அரசு 2017இல் மனிதத்தன்மையற்ற தீய பழக்கங்களுக்கும் பில்லி சூனியத்துக்கும் எதிராக ஒரு சட்டம் இயற்றி, 2020இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பேய் ஓட்டுவதாகச் சொல்லி அடிப்பதும், பாம்புக் கடிக்கு மருத்துவம் பார்க்கவிடாமல் மந்திரிப்பதும் அதன்படி குற்றம். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை. மகாராஷ்டிரம் இப்படியொரு சட்டத்தை 2013இல் கொண்டுவந்தபோது, அதற்காகப் பல ஆண்டுகள் போராடிய நரேந்திர தாபோல்கர் உயிரோடு இல்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். இந்தச் சட்டங்கள் தேவை. ஆனால் அவை கையைத்தான் பிடிக்கும். மனம் ஒரு பெயரை எடுத்துக் கொடுக்கும் அந்தக் கணத்தை எந்தச் சட்டமும் எட்டாது.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் கேட்க வேண்டும். 'தடை எல்லாம் உனக்குள்ளேதான்' என்ற உபதேசமும் இன்னொரு கொடுமையாக மாறக்கூடும். சாதியால் வேலை மறுக்கப்பட்டவரிடமும், குடிகாரக் கணவனிடம் அடிபடுகிறவளிடமும், கந்துவட்டியில் சிக்கியவரிடமும் 'உன் மனத்தைத் திருத்து' என்று சொல்வது, பழியை இடம் மாற்றி வைப்பதே. மனநோயாளியிடம் அப்படிச் சொல்வதும் அதைப் போன்றதே. 2001 ஆகஸ்ட் 6 அன்று, தர்காவை நம்பி மனநோயாளிகளை அழைத்துவரும் ஏர்வாடியில், ஒரு மனநலக் காப்பகத்தில் பற்றிய தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட முடியவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது மருத்துவம். தற்சோதனை அல்ல, மந்திரமும் அல்ல. பிறகு ஏர்வாடி தர்காவை ஒட்டியே, தொழுகையை விடச் சொல்லாமல் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. நம்பிக்கையோடு சண்டை போடாமலும் உதவ முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஆகவே அறம் கேட்பது ஒரு வரிசை. நோயென்றால் முதலில் மருத்துவர். அநியாயமென்றால் ஆதாரத்தோடு, வெளிச்சத்தில், நேருக்கு நேர். இரண்டும் இல்லாமல், மனம் ஒரு பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால், அப்போதுதான் பார்வை உள்ளே திரும்ப வேண்டும். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கியவர். நம் கைக்கு அப்பாற்பட்டதும் உண்டு, கைக்குள் இருப்பதும் உண்டு என்ற தெளிவு நம் மரபுக்குப் புதிதல்ல.

பார்வையை உள்ளே திருப்புவது கொள்ளேகால் மண்ணுக்கும் புதிதல்ல. அங்கே சிக்கல்லூர் ஜாத்திரை என்னும் திருவிழாவில் கூடும் மக்கள் போற்றும் ஞானி மண்டேசுவாமியின் கதையைப் பாடகர்கள் தம்பூரி மீட்டிப் பாடி வருகிறார்கள். அந்தக் கதையில் அவர் அருவருப்பான கோலத்தில் கல்யாண நகருக்குப் போய், வீரசைவ ஞானி பசவண்ணரின் அடியார்களைச் சோதிக்கிறார். வந்தவரிடம் அழுக்கைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் சோதனையில் தோற்கிறார்கள். தீமையை எதிரே நிற்பவரிடம் தேடும் கண்ணை முதலில் சந்தேகிக்கச் சொல்லும் கதை அது. செய்வினைக்காக எல்லை தாண்டிப் போகிறவர்கள் அந்த மண்ணிடம் கேட்டுப் பெற வேண்டிய உண்மையான பரிகாரம் இதுவே.

சந்தேகப்படும் பெயருக்கு உரியவரிடம் போய் நிற்பதற்குத் துணிவு வேண்டும். பாக்கியைக் கொடுக்க, பங்கை எழுதிக் கொடுக்க, பேசாமல் இருந்த வருடங்களுக்காக வருந்த, மாந்திரீகர் கேட்கும் காணிக்கையைவிடப் பெரிய செலவு ஆகலாம். அவர் கதவைத் திறக்காமலும் போகலாம். அப்படியானாலும், நாம் தூக்கிச் சுமந்த பகையில் நம்முடைய பங்கு எவ்வளவு என்பது நமக்குத் தெரிந்துவிடும். அது தெரிந்தவருக்கு, தன் தோல்விகளுக்கு இன்னொருவரைப் பலிகொடுக்க வேண்டிய தேவை இருக்காது.