முட்டைக்குச் சாதி உண்டு, கூலி இல்லை

கோதானம், பூமிதானம், கன்னிகாதானம். சாஸ்திரத்தில் தானம் எப்போதும் மேலே போகும். கீழே இருக்கிறவனுக்குக் கிடைப்பது பிச்சை. அந்தச் சொல் இப்போது தனியார் கருத்தரிப்பு மையங்களுக்குள் நுழைந்து 'கருமுட்டை தானம்' ஆகியிருக்கிறது. கொடுக்கிறவள் கந்துவட்டி கட்ட வழியில்லாதவள். வாங்குகிறவர்கள் லட்சக்கணக்கில் கட்டணம் கட்ட முடிந்தவர்கள். டாக்டருக்குக் கட்டணம் உண்டு, புரோக்கருக்குக் கமிஷன் உண்டு. கூலி என்று வாய்திறந்து பேச முடியாதவள் அவள் ஒருத்திதான். தானம் கொடுத்தவளுக்கு ஏது சங்கம், ஏது நட்டஈடு?

இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1978 அக்டோபரில் கொல்கத்தாவில் பிறந்தது. இந்த மையங்களுக்கான சட்டம் 2021இல்தான் வந்தது. இடையில் இருந்தது 2005இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகள்; மீறியவனைத் தண்டிக்க அதற்குப் பல் கிடையாது. பிரிட்டனிலும் முதல் குழந்தை 1978இல்தான் பிறந்தது. அங்கே 1990இலேயே சட்டம் போட்டு, உரிமம் கொடுக்கவும் உள்ளே போய்ச் சோதிக்கவும் தனி ஆணையம் வைத்துவிட்டார்கள்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? கொடுப்பவளுக்கு வயது 23லிருந்து 35க்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவைதான். ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. அவளுக்குக் காப்பீடு எடுத்துத் தர வேண்டும். நல்லதுதான். ஆனால் மாதம் ஒரு முட்டை முதிரும் உடம்பில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊசி போட்டுப் பத்துப் பதினைந்து முதிர வைத்த பிறகு, மயக்கத்தில் கிடக்கிறவளிடம் ஏழோடு நிறுத்தினார்களா என்று எண்ணிப் பார்ப்பது யார்? வயிற்றில் நீர் கோத்து மூச்சு வாங்கினால் அவள் போய் நிற்கப்போவது அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில்.

சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஜூனில் ஈரோட்டு வழக்கு வெளியே வந்தது. பதினாறு வயதுச் சிறுமியிடம் பல ஆஸ்பத்திரிகளில் திரும்பத் திரும்பக் கருமுட்டை எடுத்திருக்கிறார்கள். வயதைக் கூட்டிக் காட்டப் போலி ஆதார். தாயும் புரோக்கரும் கைதானார்கள். சில ஆஸ்பத்திரிகளை மூடச் சொல்லி அரசு உத்தரவிட்டது. இதில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் அந்த ஆதார் அட்டை. ஸ்கேனில் சினைப்பையை மில்லிமீட்டர் கணக்கில் அளந்த கண்ணுக்கு, எதிரே படுத்திருப்பது பச்சப்புள்ளை என்று தெரியவில்லையாம். காகிதம் சரியாக இருந்ததாம்.

சோதனைக்குப் போகிற அதிகாரியும் காகிதத்தைத்தானே பார்க்கப் போகிறார்? பதிவேடு இருக்கு, கையெழுத்து இருக்கு, சம்மதம் இருக்கு. சம்மதம் என்பது என்ன? மறுத்துவிட்டு வீட்டுக்குப் போனால் அடுப்பு எரியும் என்கிறவள் போடுகிற கையெழுத்தும், கடன்காரன் வாசலில் நிற்கிறவள் போடுகிற கையெழுத்தும் ஒன்றா? பண்ணையாளின் கைநாட்டும் ஒரு காலத்தில் சம்மதம் என்றுதான் கச்சேரியில் செல்லுபடியானது.

இன்னொரு சங்கதி. பிள்ளையைத் தேர்ந்தெடுக்க ஆணா பெண்ணா என்று பார்ப்பது குற்றம், சிறை உண்டு. கொடுப்பவளின் சாதி பார்த்து முட்டை கேட்பது குற்றம் என்று இந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. கேட்கிறார்கள் என்பது பத்திரிகைகளிலேயே வந்த செய்தி. பத்து மாசம் சுமக்க எவளா இருந்தாலும் சரி, முட்டை மட்டும் நம்மாளுதா இருக்கணும். அகமணம்தான் சாதியின் உயிர் என்று 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் சொன்னார். தாலி, பந்தல், சீர்வரிசை எதுவும் இல்லாமல் கண்ணாடித் தட்டிலேயே இன்று அகமணம் நடக்கிறது. ஆய்வக ஃபிரிட்ஜுக்குள் ஊரும் சேரியும் தனித்தனி.

'அப்போ இழுத்து மூடிடலாமா?' என்று தோழர்கள் கேட்பார்கள். நம் தெருவிலும் மலடி என்று ஏச்சு வாங்கிச் சாகிறவள் இருக்கிறாள், அவளுக்கும் இந்த வைத்தியம் வேண்டும். மூடச் சொல்லவில்லை. சோதனை போடும் குழுவில் பெண்கள் அமைப்பிலிருந்து ஒரு பெண் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஒருத்தி எந்தத் தெருவிலிருந்து வருவாள்? பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, முட்டை கொடுத்தவளைத் தனியே உட்காரவைத்து, 'ஏம்மா வந்தே, யாரு கூட்டியாந்தா, கையில எவ்வளவு குடுத்தாங்க?' என்று அவள் பாஷையில் கேட்கத் தெரிந்தவளாக இருப்பாளா?