அந்தப் பையன் என்ன ஆனான்?



 இந்த முறை ஒரு கேள்வியோடு வருகிறேன். முன்பின் தெரியாத ஜனங்கள் ஒன்றுசேர்ந்து ஒரு உயிரைக் காப்பாற்றுகிறார்களே, அது அன்பா? இல்லை, அந்த நேரத்து வேகமா? ரொம்ப வருஷமாய் என் உள்ளத்தை உறுத்திக்கொண்டிருக்கிற கேள்வி இது.

2013-ம் வருஷம் ஜூலை 22-ந் தேதி ஜப்பான் தேசத்தில் நடந்ததைச் சொல்கிறேன். டோக்கியோவுக்கு வடக்கே மினாமி உராவா என்று ஒரு ஸ்டேஷன். காலையில் எல்லாரும் வேலைக்கு ஓடுகிற நேரம். ரயிலை விட்டு இறங்கிய ஒரு பெண் கால் தவறி, பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் இருக்கிற சந்தில் விழுந்து மாட்டிக்கொண்டாள். ஸ்டேஷன் ஊழியர்களோடு பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். சுமார் 40 பேர் பெட்டியின்மேல் கை வைத்துத் தள்ளினார்கள். பெட்டி சாய்ந்தது. அந்தப் பெண்ணை வெளியே இழுத்துவிட்டார்கள். பெரிய காயம் ஒன்றும் இல்லை. ரயில் 8 நிமிஷம் தாமதமாய்ப் புறப்பட்டது. அவ்வளவுதான்!

அந்தப் பெட்டியின் எடை 32 டன். 40 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 800 கிலோ. யாரால் தூக்க முடியும்? ஆனால் அவர்கள் தூக்கவில்லை. ரயில் பெட்டி ஸ்பிரிங்குகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் ஒரே பக்கம், ஒரே நேரத்தில் தள்ளினால் கொஞ்சம் சாயும். மாட்டிக்கொண்டவளுக்கு அந்தக் கொஞ்சம் போதுமாயிருந்தது. அடுத்த வருஷம், 2014 ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவில் பெர்த் பட்டணத்திலும் இப்படியே நடந்தது. அங்கே ஒரு மனுஷனுடைய கால் சிக்கிக்கொண்டது. பயணிகள் இறங்கி ரயிலைச் சாய்த்து விடுவித்தார்கள்.

இதெல்லாம் வெளிதேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2023 ஜூன் 2-ந் தேதி சாயங்காலம், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவில் பாஹாநகா பஜார் ஸ்டேஷனில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியதை மறந்திருக்க மாட்டீர்கள். 290-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். முதலில் ஓடிவந்தது பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்தான். இருட்டில் செல்போன் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு, நசுங்கிக் கிடந்த பெட்டிகளிலிருந்து ஆட்களை வெளியே எடுத்தார்கள். ஆஸ்பத்திரிகளில் ரத்தம் கொடுக்க வாலிபர்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளே கிடப்பவன் எந்த ஊர், எந்த ஜாதி, எந்த மார்க்கம் என்று தெரிந்துகொண்டா வந்தார்கள்?

இதையெல்லாம் வாசிக்கும்போது எனக்கு சந்தோஷம் உண்டாகிறது. கூடவே என் சொந்த வாழ்க்கையில் நடந்த ஒரு காரியம் ஞாபகத்துக்கு வந்து குத்துகிறது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

1993-ம் வருஷம். ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்காக பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டை, மடியில் வேதப்புத்தகம். பஸ்ஸில் நிற்க இடமில்லை. ஒரு வளைவில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்த பையன் ஒருவன் கீழே விழுந்துவிட்டான். பதினைந்து, பதினாறு வயசு இருக்கும். பஸ் நின்றது. எல்லாரும் இறங்கினோம். இறங்கி என்ன செய்தோம்? சுற்றி நின்றோம். "ஐயோ, யார் வீட்டுப் பிள்ளையோ" என்றார் ஒருவர். "தொடாதீங்க, போலீஸ் கேஸ் ஆயிடும்" என்றார் இன்னொருவர். நான் மனதுக்குள் ஜெபம் பண்ணினேன். உண்மையைச் சொல்லட்டுமா? என் கண் பையன்மேல் கொஞ்சமும், என் சட்டையின்மேல் கொஞ்சமும் இருந்தது.

அப்போது மீன் விற்கிற ஒரு அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். கூடையை ரோட்டிலேயே வைத்தார்கள். தரையில் உட்கார்ந்து, முந்தானையால் அவன் தலைக் காயத்தை அழுத்திப் பிடித்தார்கள். "என்னய்யா வேடிக்கை பாக்குறீங்க? ஏய், வெள்ளைச் சட்டை! இடுப்பைப் பிடி. நீ காலைப் பிடி. நீ போய் அந்த வேனை நிறுத்து!" அவ்வளவுதான். அதுவரை மரம்போல் நின்ற முப்பது பேருக்கும் கை முளைத்துவிட்டது. வேன் நின்றது, பையனை ஏற்றினோம், யாரோ தண்ணீர் கொடுத்தார், யாரோ பணம் கொடுத்தார். அந்த அக்காவும் கூடவே ஏறிப் போனார்கள். மீன் கூடை ரோட்டோரத்தில் கிடந்தது. நாங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டோம்.

அன்று ராத்திரி கூட்டத்தில் இதைச் சாட்சியாகச் சொன்னேன். "நாங்கள் ஒரு உயிரைக் காப்பாற்றினோம்" என்றேன். ஜனங்கள் ஸ்தோத்திரம் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து என் மனைவியிடமும் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தப் பையன் என்ன ஆனான்?"

எனக்குத் தெரியவில்லை. பிழைத்தானா, அவன் தாய் தகப்பனுக்கு யார் சொல்லி அனுப்பினார்கள், எதுவும் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

பிரியமானவர்களே, அந்தக் கேள்விதான் எனக்கு ஒரு சத்தியத்தைக் கற்றுக்கொடுத்தது. ஜனங்களிடத்தில் இரக்கமே இல்லை என்று நாம் பிரசங்கிக்கிறோம். இரக்கம் இருக்கிறது. முப்பது பேருக்குள்ளும் இருந்தது. அது முதலில் கை வைக்கிற ஒரு ஆளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. தூக்குவதும் தள்ளுவதும் கூட்டத்தால் முடியும். ஆனால் தொடங்குகிறது ஒரு ஆள்தான். கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் இருக்கிறதும் ஒரு ஆள்தான். அந்த இரண்டு இடத்திலும் நான் இல்லை. நடுவில் மட்டும் இருந்துவிட்டு, முழுவதுக்கும் சாட்சி சொல்லிவிட்டேன்.

நல்ல சமாரியனை நினைத்துப்பாருங்கள். எரிகோவுக்குப் போகிற அந்த வழியில் அவனைத் தட்டி எழுப்பக் கூட்டம் இல்லை. தானே கிட்ட வந்தான், தானே காயம் கட்டினான், தானே சத்திரத்துக்குக் கொண்டுபோனான். மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, திரும்பி வரும்போது மிச்சத்தைத் தருவதாகச் சொன்னான்.

"பிரதர், எனக்கும் வேலை, குடும்பம் இருக்கே, எல்லார் பின்னாலயும் ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சமாரியனுக்கும் பிரயாணம் இருந்தது. மறுநாள் அவனும் புறப்பட்டுப் போனான். ஆனால் காயப்பட்டவனைப் பொறுப்பான ஒரு ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். அவன் கைமாற்றிக் கொடுத்தான், கைகழுவவில்லை.

மினாமி உராவாவில் தள்ளின 40 பேரை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது சில நிமிஷத் தள்ளல். அதை முழுசாய்க் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பையனுடைய தேவை வேன் புறப்பட்டதோடு முடியவில்லை. என் வேலைதான் முடிந்துபோனது. அன்பா, வேகமா என்று தொடக்கத்தில் கேட்டேனே, பதில் இங்கேதான் இருக்கிறது. வேகம் என் மனசு ஆறினவுடனே நின்றுவிடும். அன்பு அடிபட்டவனுடைய தேவை எங்கே முடிகிறது என்று பார்க்கும்.

போலீஸ் கேஸ் என்கிற பயம் இனி வேண்டாம். உதவுகிறவர்களைக் காக்கும் விதிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30-ல் சட்டத்தின் பலம் கொடுத்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ரோட்டில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவினால் நம்மேல் வழக்கு வராது. பெயர், விலாசம் சொல்லும்படி நம்மைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. அந்தப் பிரிவுக்குச் சட்டம் வைத்திருக்கிற பெயரே நல்ல சமாரியனுடைய பெயர்தான்! 108-க்கு போன் பண்ணுங்கள். கழுத்து, முதுகு அடிபட்டவரை அவசரப்பட்டுப் புரட்டாதீர்கள். ரத்தம் வருகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். வீட்டாருக்குத் தகவல் சொல்லுங்கள். மறுநாள் ஒரு நடை போய்ப் பாருங்கள், முடியாவிட்டால் ஒரு போனாவது போடுங்கள்.

அந்த மீன்கார அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவர்கள் பிழைப்பு ரோட்டோரத்தில் கிடந்தது. அந்தக் கூடையையாவது எடுத்துப் பத்திரப்படுத்தலாமே என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போதும் பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் ஜெபிக்கிறேன்: "கர்த்தாவே, இன்னொரு தரம் அப்படி ஒரு வேளை வந்தால், யாராவது அதட்டுகிறவரைக்கும் என்னை நிற்க விடாதேயும்." நீங்களும் எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். ஆமென்.