தொலைவும் மனச்சான்றும்

கொல்பவன் எத்துணைத் தொலைவில் நின்றால் கொலையின் பொறுப்பு அவனை விட்டு நீங்கும்? இவ்வினா புதியதன்று. கவசத்தையும் துளைக்கும் குறுக்குவில்லைக் கிறிஸ்தவர்மீது ஏவலாகாது என 1139-இல் இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் தடுத்தது. பிறர்மீது ஏவலாமா என்பதற்கு அது வாய் திறக்கவில்லை. அது தனி வருத்தம்.

1849-இல் வெனிஸ் நகரை முற்றுகையிட்ட ஆஸ்திரியர் ஆளில்லாப் பலூன்களில் குண்டுகளைக் கட்டி அனுப்பினர். காற்று மாறவே, சில அனுப்பியவர் பக்கமே திரும்பின. ஆளில்லா விமானங்களுள் பெயர்பெற்ற பிரடேட்டர் 1994-இல் உளவு பார்க்கவே பறந்தது. 2001-இல் ஏவுகணை தாங்கிற்று.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது இதன்பின் நேர்ந்ததையே. குறுக்குவில் வீரன் எதிரியின் முகத்தைக் கண்டிலன். அமெரிக்காவின் நெவாடா பாலைவனத்தில் திரைமுன் அமர்ந்தவனோ, ஆப்கானிஸ்தானத்து மனிதனொருவன் உண்பதையும் மக்களோடு இருப்பதையும் நாட்கணக்கில் கண்டான். பணி முடிந்ததும் தன் மனைவி மக்களிடம் திரும்பினான். தொலைவு பெருகப் பெருகப் பார்வை நெருங்கிற்று. ஆனால் பார்த்தல் அறிதலாகுமா?

2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் வெள்ளைக் கார் ஒன்றை வானிலிருந்து எட்டு மணி நேரம் பின்தொடர்ந்து தாக்கினர். ஓட்டியவர் தொண்டு நிறுவன ஊழியர். மாண்டோர் 10 பேர். அவர்களுள் எழுவர் சிறார். தவறு நேர்ந்ததென அமெரிக்கப் படைத்துறை செப்டம்பரில் ஒப்புக்கொண்டது; எவர்மீதும் ஒழுங்கு நடவடிக்கை இல்லையென டிசம்பரில் அறிவித்தது.

ஒருவர் பார்த்தார், ஒருவர் ஆணையிட்டார், ஒருவர் பொத்தானை அழுத்தினார். பங்கிடப் பங்கிடப் பொறுப்பு கரைந்துவிடும் என்பதை நம் மனச்சான்று ஏற்க மறுக்கிறது. இலக்கைப் பொறியே தெரிவு செய்யுமாயின் இம்மூவரும்கூட இரார். அப்போது இறந்தவரின் உறவினர் எவர் பெயரைச் சொல்லி நீதி கேட்பர்?