பேட்டையின் பெயரும் பேட்டையாரின் கடமையும்

நகரில் வாழ்வோர் தத்தம் பேட்டையைத் தமதென்று பாராட்டுதல் நன்றோ, தீதோ? பற்றே துக்கத்திற்கு ஏதுவென்று பயின்ற நாம் இவ்வினாவை ஆராயாமல் விடலாகாது.

மைசூர் நகரை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் நோய் அந்நகரை வருத்தியது. அதன்பின், 1903ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி டிரஸ்டு போர்டு நிறுவப்பெற்றது. நெருக்கம் தவிர்த்து, அகன்ற வீதிகளும் பூங்காக்களும் உடைய புதிய பேட்டைகள் எழுந்தன. காற்றும் வெளிச்சமும் புகுந்தன. ஆயினும், அக்கிரகாரம் ஒருபுறமும் சேரி மற்றொருபுறமுமாக மக்களைப் பிரித்து வைத்த பழைய எல்லையை அளவுகோலும் வரைபடமும் மட்டும் அழித்துவிட இயலுமோ?

அந்நகரின் அசோகபுரம் ஒடுக்கப்பட்ட மக்கள் நெடுங்காலமாக வாழும் பேட்டை. முன்னர் ஆதிகர்நாடகபுரம் என வழங்கிய அது, பின்னர்த் தம்மவேந்தரின் பெயரைத் தாங்கியது. அங்கே அண்ணல் அம்பேத்கர் பெயரால் ஒரு பூங்காவும் உண்டு. பிறர் இட்ட இழிபெயர்களைச் சுமந்த மக்கள், தாம் மதிக்கும் பெயரோடு வாழ்தல் தன்மதிப்பேயன்றிச் செருக்காகாது.

அசோகர் என்னும் பெயர் பொறித்த சாசனம் முதன்முதலாகக் கிடைத்ததும் கன்னட நாட்டு மஸ்கியிலேதான், ஆண்டு 1915. அவ்வேந்தர் வழிதோறும் மரம் நடுவித்தார், கிணறு தோண்டுவித்தார். அந்நிழலும் நீரும் மனிதர்க்கும் விலங்குகட்கும் பொதுவாயின. ஆகவே, அப்பெயரைத் தாங்குவோர் அக்கடமையையும் தாங்குகின்றனர்.

நாமமும் ரூபமும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பன என்பது நாம் அறிந்ததே. பேட்டைக்கும் அஃது ஒக்கும். பெயர் நாமம், குடிநீரும் சாக்கடையும் நிழல்மரமும் வாசகசாலையும் ரூபம். ரூபமில்லாத நாமம் வெறும் பலகை. நாமமில்லாத ரூபம் எவரும் பேணாத மனை.

2016ஆம் ஆண்டில் மத்திய அரசு 73 நகரங்களைச் சோதித்துத் தூய்மையில் மைசூருக்கு முதலிடம் அளித்தது. அப்புகழை ஈட்டியவர் விடியுமுன் வீதி பெருக்குவோர். அவர்தம் சந்துக்கும் அதே நீரும் நிழலும் எட்டினவா, பேட்டைக் கூட்டத்தில் அவர்க்கும் ஆசனம் உண்டா என்று வினவுதலே உரைகல். உண்டெனில், அப்பேட்டைப்பற்று மைத்திரியின் தொடக்கம். இல்லையெனில், அது மானம் என்னும் தளையே.

ஆதலின் அன்பர்களே, நம் பேட்டையில் ஒரு மரம் நடுவோம்; அதன் நிழல் அடுத்த தெருவாருக்கும் உரியதென்று அவர்களை அழைத்துச் சொல்வோம்.